ஸ்டேஷனில் கொடுத்த மனு

பாகலூர் சாலை,
9.8.2025

அன்புள்ள கொடி,

நலமா? என் கைபேசியை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் தருவாராம். அதனால் இந்தக் கடிதம். சனிக்கிழமை உனக்குக் கணக்குச் சொல்லித்தர வரும் நாராயணம்மா டீச்சரிடம் கொடுத்தனுப்புகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

போன வாரம் பெங்களூரில் கல்லூரி பார்த்துவிட்டுத் திரும்பினோமே, அந்த மாலை எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. ரயில் இரண்டாம் நடைமேடையில் வந்து நின்றது. படிக்கட்டைப் பார்த்ததும் உன் அம்மாவின் முகம் வாடிவிட்டது. முகம் தெரியாத நான்கு பேர் உன்னைச் சக்கர நாற்காலியோடு தூக்கிப் படி ஏற்றினார்கள். நீ ஒருவரையும் பார்க்காமல் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்ததும் ஆட்டோ ஸ்டாண்டில் ரத்தினவேல் அண்ணன் சொன்னாரே: "சேரு ஏத்தற எடத்துல ரெண்டு சீட்டு ஏத்திடுவன். நீங்க லாரி புடிச்சுக்கங்க." ஸ்டாண்டே சிரித்தது. அப்போது நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். தூறலுக்காக என்று நீ நினைத்திருப்பாய். தூறலுக்காக இல்லை கொடி. அந்த ஸ்டாண்டுக்கு அப்பாதான் செயலாளர். வீட்டில் சொல்லாமல் உங்களோடு வந்திருந்தேன், ரத்தினவேல் என்னைப் பார்த்தால் அப்பாவிடம் சொல்லிவிடுவாரே என்று மூடினேன். இதை உன்னிடம் சொல்லாமல் தூக்கம் வரவில்லை.

உன்,
சரி

•

16.8.2025

அடி சரி,

இதற்கா தூக்கம் கெட்டாய்? எனக்கு நீ துப்பட்டா போட்டதே நினைவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு போனால் நம் ஊரில் அதற்கு அர்த்தமே வேறு. சங்கு ஊதாத குறைதான் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை, அழுதுவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் பிளஸ் டூ வகுப்பு மாடியில் என்றார்கள், பள்ளியை மாற்றிக்கொண்டேன். கல்லூரியையும் அப்படி மாற்ற எனக்கு மனமில்லை. பெங்களூரில் அந்தப் படிப்புத்தான் படிக்க வேண்டும். ஆனால் தினமும் அப்பா என்னை முதுகில் சுமந்து படி ஏற முடியுமா? அவருக்கு இடுப்புவலி. எனக்கும் பதினேழு வயதாகிறது, சுமக்கப்படப் பிடிக்கவில்லை. அதனால் ரயில்வேக்கு ஒரு மனு எழுதினேன். ஒன்று, நடைமேம்பாலத்துக்குச் சாய்தளம் வேண்டும். இரண்டு, டவுன் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடாமல் ஸ்டேஷன் வாசலுக்கே வந்து நிற்க வேண்டும். மூன்று, அதற்கு இடம்விட்டு ஆட்டோ ஸ்டாண்டைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். இந்தத் தாள் நிறைந்துவிட்டது, அடுத்ததில் தொடர்கிறேன்.

(தாள் 2)

நேற்று முன்தினம் அப்பாவோடு போய் ஸ்டேஷனில் மனுவைக் கொடுத்துவிட்டேன். முத்திரை குத்திய நகல் கையில் இருக்கிறது. ரத்தினவேல் அண்ணன் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறேன். விசாரிக்க வருவார்களாம். சாட்சி என்று உன் பெயரைப் போட்டுவிட்டேன். கேட்காமல் போட்டதற்குக் கோபிக்காதே. அம்மா சொன்னால் பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்பார்கள்.

உன்,
கொடி

•

20.8.2025

கொடி,

உன் கடிதத்தின் இரண்டாம் தாள் நேற்றிரவு அப்பாவிடம் சிக்கிவிட்டது. முதல் தாளைப் பாடப்புத்தகத்தில் ஒளித்தேன். இரண்டாவது எப்போது நழுவியது என்று தெரியவில்லை.

அப்பா கை ஓங்கவில்லை. என் எதிரில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "ஸ்டேஷன்ல மனு குடுத்துக்கறாங்களா?"

நான் "ஆமாம்" என்றேன்.

"ரத்தினவேலு மேலயா? நீ சாட்சியா?"

அதற்கும் தலையாட்டினேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவைக் கூப்பிட்டு, "உன் பொண்ணு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்துக்கறா" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் ஊரில் சும்மா ஸ்டேஷன் என்றால் போலீஸ் ஸ்டேஷன்தானே. 'ரயில்வே' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வாய்வரை வந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டு ரத்தினவேல் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். பெர்மிட் போய்விடும், வண்டியைப் பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கொடி. அவ்வளவுதான் செய்தேன்.

என் பெயரை எடுத்துவிட முடியுமா? உன்னோடு பேசக் கூடாது என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

சரி

•

23.8.2025

அன்புள்ள சரி,

உன் அப்பாவும் ரத்தினவேல் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் புதன்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுத்திருந்தார். எழுந்து வந்து முழுக்கதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார் பார். "அட, ரயிலு ஸ்டேஷன்யா! போலீசுக்குப் போற ஆளாய்யா நாங்க?" என்று நகலை எடுத்துக் கையில் கொடுத்தார். அவர்களும் சிரித்துவிட்டார்கள். அம்மா டீ போட்டாள். ரத்தினவேல் அண்ணன் என்னிடம், "அன்னிக்கு ஏதோ விளையாட்டுக்குச் சொன்னன் பாப்பா" என்றார். எனக்கு அது போதும் போலத்தான் இருந்தது.

பிறகு உன் அப்பா நகலைப் படித்துக்கொண்டே வந்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதைப் படித்தார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "இதுக்கு நீங்க போலீசுக்கே போயிருக்கலாங்க."

நால்வரும் எழுந்து கிளம்பிவிட்டார்கள். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வாசலுக்குப் பஸ் வந்தால் ஆட்டோவில் ஏற ஆள் குறையும். ஆனால் சரி, அவர் வண்டி என்னை ஏற்றுவதும் இல்லையே.

செப்டம்பர் இரண்டாம் தேதி பெரிய அதிகாரி வருகிறார். படிக்கட்டை அவரே பார்த்துக்கொள்வார். பஸ் எதற்கு, ஆட்டோதான் இருக்கிறதே என்று கேட்டால் அதற்கு நீதான் பதில். அன்றைக்கு எங்களோடு வந்த வெளியாள் நீ ஒருத்திதான். பெரிதாகப் பேச வேண்டாம். "நான் இருந்தேன், கேட்டேன்" என்று சொன்னால் போதும். உன் பெயரை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லாதே.

கொடி

•

3.9.2025

கொடி,

நீ பார்த்ததுதான். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

நேற்றுக் காலையில் அப்பாதான் ஆட்டோவில் கூட்டிவந்தார். வழியில் ஒரு வார்த்தைகூட மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இப்போது அதையாவது சொல்லிக்கொள்வேன். ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லோரும் காக்கிச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். சின்ன வயதிலிருந்து என்னைப் பள்ளியில் விட்டவர்கள். நீ அந்தப் பக்கம் உன் அம்மாவோடு இருந்தாய்.

அதிகாரி நல்லவர். பாதி கன்னடத்தில், "பயப்பட பேடா, பயப்பட வேண்டாம். நீ அன்னைக்கு இவங்க கூட இருந்தியாம்மா?" என்றார்.

"இல்லைங்க சார். நான் போகலை" என்றேன்.

என் குரல் அவ்வளவு தெளிவாக வரும் என்று நினைக்கவே இல்லை. உன் அம்மா சண்டை போடவில்லை. "என் கையப் புடிச்சுக்கிட்டுத்தானத்தா வந்த?" என்று மட்டும் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. அதிகாரி பக்கத்தில் குறிப்பெழுதியவர் மனுவில் ஒரு கோடு கிழித்தார், அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும்போது அப்பா மசால் பூரி வாங்கித் தந்தார். ராத்திரி கைபேசியையும் கொடுத்துவிட்டார். உன் எண் அதில் இருக்கிறது. அழுத்தக் கை வரவில்லை. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சரிதா

•

19.12.2025

கொடி,

நான்கு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. டீச்சரிடம் கேட்டால், "நல்லா இருக்கா" என்று மட்டும் சொல்கிறார்.

சாய்தளத்துக்குக் கம்பி கட்டுகிறார்கள், பார்த்திருப்பாய். பஸ்ஸுக்கு மட்டும், தேவை நிரூபிக்கப்படவில்லை என்று எழுதிவிட்டார்களாம். ஸ்டாண்டில் வெடி வெடித்தார்கள். நான் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் சீருடையோடு தனியாக ரயில் நிலையத்துக்குப் போனேன். "அன்று நான் இருந்தேன், கேட்டேன், பயத்தில் பொய் சொன்னேன்" என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் படித்துவிட்டு, "அந்த ஃபைல் முடிஞ்சு போச்சேம்மா" என்றார். ஆனாலும் வாங்கி முத்திரை குத்தினார். நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நானே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர், "அன்னிக்கு நெஜமாவே அந்தப் பொண்ணை ஏத்தலையா?" என்று கேட்டார். நான்கு மாதமாக அதை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை.

சரிதா

•

14.2.2026

சரிதாவுக்கு,

நகல் கிடைத்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளை சாப்பிட்டிருக்குமா என்று கேட்டாள்.

போன வாரம் சாய்தளத்தைத் திறந்தார்கள். பெங்களூர் போய்வந்தேன், யாரும் இல்லாமல். திரும்பும்போது மேம்பாலத்தில் நானே ஏறினேன், நானே இறங்கினேன். கை எரிந்தது. நடுவில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அங்கிருந்து நான் கீழே பார்த்ததே இல்லை.

வெளியே உன் அப்பா வண்டி முதலில் நின்றது. என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்தார். "சேரை மடக்கிப் பின்னாடி கட்டிக்கறன் பாப்பா, ஏறு" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கும் மெயின் ரோடுவரை உருட்டிக்கொண்டே போனேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர் கொஞ்ச தூரம் பின்னாலேயே வண்டியை ஓட்டிவந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லிவிடு.

அந்த நாற்பது நிமிடம் தினமும் ஆகாது. கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் விடுதி தரைத்தளத்தில் இருக்கிறதாம். நான் கேட்ட படிப்பு அங்கே இல்லை. இருப்பதில் சேர்ந்துகொள்கிறேன்.

உனக்கு என்ன எழுதுவது என்று இத்தனை நாள் யோசித்தேன். இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

பொற்கொடி