சாயிக்கு ஓர் ஆறாம் வகுப்பு

ஸ்ரீராமஜெயம்

மதுரை
27-6-2002

அன்பு மகள் சௌபாக்கியவதி வித்யாஸ்ரீக்கு அம்மா சூடாமணி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி சாயியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல இருக்க அழகர் துணை நிற்க வேண்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது சாயி புது ஸ்கூலுக்கு நன்றாகப் போகிறான் என்று அப்பா சொன்னாரே, அது பொய். சாயி இப்போது எந்த ஸ்கூலுக்கும் போகவில்லை. போன் கூடத்தில் இருக்கிறது, அவனும் கூடத்தில்தான் இருக்கிறான், அவன் காதுபட எதைச் சொல்வது என்று அப்பா அப்படிச் சொல்லிவிட்டார். நீ பதறாமல் படி, படித்துவிட்டு உடனே போனை எடுக்காதே.

நீ கல்யாணமாகிப் போகும்போது அவன் இரண்டாம் வகுப்பு. அப்போதே பெஞ்சில் ஒரு நிமிஷம் உட்காரமாட்டான், பேசினால் எதிராளி மூக்கில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பேசுவான், மற்றப் பிள்ளைகள் அழுதால் சிரிப்பான், சிரித்தால் ஏன் சிரிக்கிறார்கள் என்று என்னிடம் வந்து கேட்பான், உனக்குத் தெரியாததா. அஞ்சாவது வரைக்கும் பாலாம்பாள் டீச்சர் இருந்தார்கள், வண்டி ஓடியது. இவன் எழுந்து நின்றால் போதும், போய் சாக்பீஸ் வாங்கி வா, ரெஜிஸ்டரைக் கொடுத்துவிட்டு வா என்று ஏதாவது வேலை சொல்லி அனுப்பிவிடுவார்கள், ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்து கணக்கைப் போட்டுவிடுவான். ஜன்னலோர இடத்தை அவனுக்கென்றே விட்டு வைத்திருந்தார்கள். மனசு கலங்கிவிட்டால் அவனுக்குத் தமிழ் வராது, நம் சௌராஷ்டிர பாஷைதான் கொட்டும், அதற்காக அந்த அம்மாள் நம் பாஷையில் வா, உட்கார், ஒன்றுமில்லை என்று நாலு வார்த்தை என்னிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த ஸ்கூலில் ஆறாவது இல்லையே. நான் வெட்கத்தை விட்டு, இன்னொரு வருஷம் அஞ்சாவதிலேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். பாஸ் பண்ணின பிள்ளையை ஃபெயில் ஆக்கச் சொன்ன அம்மா மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு வருஷம் வெச்சுக்கலாம் சூடாமணி, அதுக்கப்புறம்?” என்றார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நீ ஈமெயிலில் அனுப்பியதை அப்பா பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்தார். ஏ.டி.எச்.டி. என்று அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அங்கெல்லாம் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வகுப்பில் தனியாக ஒரு டீச்சர் பக்கத்திலேயே உட்காருவார்கள் என்று படித்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது, நான் வளர்த்த வளர்ப்பு சரியில்லை என்று உன் அத்தைமார் சொன்னதெல்லாம் இல்லை என்று ஆயிற்றே. அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஏப்ரலில் முதலில் ஒரு ஸ்கூலுக்குப் போனோம், பெயர் எதற்கு, நல்ல பெயரெடுத்த ஸ்கூல். உள்ளது உள்ளபடி சொல்வோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அங்கே இருந்த கரஸ்பாண்டென்ட் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நீங்கள் இவ்வளவு உண்மையாகச் சொன்னது ரொம்ப சந்தோஷம் என்று பாராட்டினார், காபி கூட வரவழைத்தார், பிறகு இந்த வருஷம் இடம் நிரம்பிவிட்டது என்றார். வெளியே வந்தால் அட்மிஷன் நடைபெறுகிறது என்று போர்டு தொங்குகிறது. அதற்குள் சாயி வேறு அவரிடம், உங்கள் தலையில் சாயம் ஒரு பக்கம் மட்டும் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டான். பொய்யில்லை, போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் அப்பா, நீ பேசாமல் இரு, இனிமேல் என் வழி என்று இறங்கினார். அவர் வழி உனக்குத் தெரியுமே. நம் கடைச் சுங்குடிச் சேலையில் எங்காவது சாயம் ஊறியிருந்தால் அந்த இடத்தை மடிப்புக்குள்ளே வைத்து, நல்ல முந்தியை மேலே போட்டு விரிப்பார். வாங்குகிறவள் வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டால் சிரிப்பார், பிரிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார். பிள்ளை விஷயத்திலும் அதையே செய்தார். இன்டர்வியூ அன்றைக்கு விடியும்போதே சாயியை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் கூட்டிப்போய் நாக்குத் தள்ள ஓடவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்னைத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னார். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் கூட்டிப்போகலாமா என்றேன், அதெல்லாம் ஆட்டோவில் போகலாம் என்றார். வெந்நீரும் சீயக்காயும் போட்டுக் குளிப்பாட்டி, வயிறு முட்டப் புளியோதரையும் தயிர்சாதமும் கொடுத்துக் கூட்டிப்போனோம். பிள்ளை பாதித் தூக்கத்தில் பதவிசாக உட்கார்ந்திருந்தான். கேட்ட பெருக்கல் வாய்ப்பாட்டையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். இவ்வளவு அடக்கமான பையனை இந்தக் காலத்தில் பார்க்கவே முடியவில்லை என்று பிரின்சிபால் அம்மாள் சொன்னபோது எனக்கே இது யார் பிள்ளை என்று இருந்தது. இடம் கிடைத்துவிட்டது. அப்பா கடைப் பையன்களுக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று மனசு அடித்துக்கொண்டாலும், யூனிபார்ம் தைத்துப் போட்டு டை கட்டிப் பார்த்ததும் நானும் வாயை மூடிக்கொண்டேன். தினமும் எண்ணெய் தேய்த்தா அனுப்ப முடியும் என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஸ்கூல் திறந்த முதல் வாரத்தை எப்படியோ ஓட்டிவிட்டான். இரண்டாவது வாரத்தில் பிள்ளைகளை உயரப்படி மாற்றி உட்காரவைத்திருக்கிறார்கள். இவன் தன் இடத்தை விட்டு நகரவில்லை. பக்கத்துப் பையன்கள் பையை இழுத்திருக்கிறார்கள், இவன் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டு நம் பாஷையில் அழுதிருக்கிறான். அந்த வகுப்பில் அது யாருக்குப் புரியும், ஏதோ உளறுகிறான் என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவர்கள் சிரிக்கவும் விளையாட்டு என்று நினைத்து இவனும் சிரித்து, கையில் இருந்த வாட்டர் பாட்டிலைத் தூக்கி எறிந்திருக்கிறான், அது ஒரு பையனின் புருவத்தில் பட்டுத் தோல் கிழிந்து தையல் போட வேண்டியதாகிவிட்டது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். பழம் வாங்கிக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன், அவன் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அவள் பிள்ளை நெற்றியில் கட்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் பிரின்சிபால் அம்மாள் கூப்பிட்டு, இவன் இப்படித்தான் என்று உங்களுக்கு முன்னமே தெரியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வித்யா, கடையில் எவ்வளவு பெரிய வியாபாரி வந்தாலும் உன் அப்பா வெங்கடரமணன் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் ஏதாவது ஏற்பாடு செய்திருப்போமே, இப்போது மற்ற பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். சொன்ன இடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை அம்மா, சொல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளவில்லை, எங்களைப் போன்றவர்கள் என்னதான் செய்வது என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. பாவம், அவரும் கொஞ்சம் கண் கலங்கித்தான் இருந்தார்.

அப்புறம் ஆனையூரில் ஒரு ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கிறது என்று ராஜகுரு சித்தப்பா சொல்லிப் போய்ப் பார்த்தோம். வீடு மாதிரி ஒரு கட்டடம், சுத்தமாக வைத்திருக்கிறார்கள். பேச்சு வராத பிள்ளைகள், கழுத்து நிற்காத பிள்ளைகள், ஒரு பெண்குழந்தை என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடவேயில்லை. தீப்தி என்று சின்ன வயதுப் பெண் ஒருத்திதான் நடத்துகிறாள். அவள் சாயியோடு தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினாள், இவன் இரண்டு தடவை எழுந்து ஓடினான், அவளும் கூடவே எழுந்து போனாள், ஒரு முகச்சுளிப்பு இல்லை. கடைசியில் என்னிடம் வந்து, “இவன எடுத்துக்கிறேன் ஆன்ட்டி, ஒரு குறையும் வராது. ஆனா ஆறாம் கிளாஸ் கணக்கு இங்க யாரு சொல்லிக்கொடுப்பா?” என்றாள். அங்கே மணி கோர்க்கவும் சட்டைப் பட்டன் போடவும்தான் கற்றுத்தருகிறார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது சாயி என்னிடம், அவங்களையும் ஸ்கூல்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்களா என்று கேட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்னும் ஓர் இடம் இருக்கிறது, சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய ஸ்கூல், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் பிள்ளைகளிலிருந்து எல்லோரும் படிக்கிறார்கள். ஹெட்மாஸ்டர் முத்திருளன், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். இந்தத் தடவை அப்பாவே வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னார், எண்ணெய் தேய்த்தது உட்பட. அவர் சிரிக்கவில்லை. “கூட்டிட்டு வாங்க அண்ணே, அம்புட்டுப் பேரோட அவனும் ஒருத்தன். நான் பாத்துக்கிருவேன். ஆனா பயலுக பாத்துக்கிருவாய்ங்களான்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. ஒரு கிளாசுக்கு ஒரு வாத்தியார் இருந்தாலே எனக்குப் பெருசு” என்றார். இடைவேளை மணி அடித்ததும் முற்றத்தில் பிள்ளைகள் மோதிக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து சாயி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டான்.

இப்போது இந்த இரண்டில் ஒன்றுதான். ஒரு இடத்தில் பிள்ளை பத்திரமாக இருப்பான், படிப்பு நின்றுவிடும். இன்னொரு இடத்தில் படிப்பு இருக்கிறது, பிள்ளை என்ன ஆவான் என்று தெரியாது. காலையில் ஆனையூர்தான் என்று முடிவு செய்கிறேன், சாயந்திரம் அவன் பேப்பரில் வந்த கணக்குப் புதிரைப் போட்டுக் காட்டும்போது இந்தத் தலையை மணி கோர்க்கவா அனுப்புவது என்று மனசு மாறிவிடுகிறது. அப்பா முன்னே மாதிரி எதிலும் வாய் கொடுப்பதில்லை, நீ சொல்வதைச் செய்யலாம் என்கிறார், நான் சொன்னால் அப்படியா என்கிறார். கடைக்கும் மதியத்துக்கு மேல்தான் போகிறார். இத்தனை வயசுக்குமேல் பெற்ற பிள்ளைக்கு என்ன செய்வது என்று பெற்ற மகளைக் கேட்கிற நிலைமை வந்துவிட்டது. கேட்டாலும் என்ன, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவன் ஏதோ ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பான், அல்லது வீட்டிலேயே இருப்பான். அவனை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுங்கள் என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். நீங்களே இன்னும் ஒற்றை ரூமில் இருக்கிறீர்கள், மாப்பிள்ளை தங்கமான மனுஷர் என்றாலும் தங்கத்தையும் ஓரளவுக்குத்தான் அடிக்கலாம். உன் மாமியாரிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே, பையன் கொஞ்சம் துறுதுறு என்று மட்டும்தான் கல்யாணத்தின்போது சொல்லியிருக்கிறோம்.

அங்கே குளிருக்குச் சாக்ஸ் போடாமல் நடக்காதே, ராத்திரி தயிர் சாப்பிடாதே. போன மாதம் அனுப்பிய அப்பளம் நொறுங்காமல் வந்ததா என்று நீ எழுதவே இல்லை. இங்கே மழை இல்லை, வைகை வெறும் மணலாகக் கிடக்கிறது, தண்ணீர் லாரி வந்தால்தான் உண்டு.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது உன் தம்பி எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு கையைக் கட்டிக்கொண்டு, இன்னொரு கை விரலை வாய்மேல் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஸ்கூலில் உட்காரச் சொல்வார்களே அதுபோல. யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. இந்த வாரம் முழுக்கக் காலையில் சாப்பிட்டதும் இப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறான். கால் கட்டைவிரல் மட்டும் ஆடுகிறது, அதை நிறுத்த முடியவில்லை, மற்றக் காலால் அமுக்கிக்கொள்கிறான். போய் விளையாடுடா என்றால் தலையை ஆட்டுகிறான். ஏன்டா இப்படி என்று கேட்டதற்கு, பழகுறேன்மா என்றான். இப்போது யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டான், அக்காவுக்கு என்றேன். வாய்மேல் வைத்த விரலை எடுக்காமலே, “நான் இப்ப நல்லா உட்கார்றேன்னு எழுதும்மா. அக்கா சொன்னா ஸ்கூல்ல கேப்பாங்க” என்றான். எழுதிவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் மனம் ஒத்து வாழ வேண்டும், உனக்கு அழகர் சீக்கிரம் மடி நிறையக் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அவனிடம் எந்த ஸ்கூல் என்று மட்டும் கேட்டுவிடாதே. இப்போது நன்றாக உட்கார்கிறாயாமே என்று கேள், அது போதும் அவனுக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
வெ. சூடாமணி