கட்டத்தில் இல்லாத பூமி

உத்திரமேரூர்,
18.6.1981

அன்புள்ள அண்ணாவுக்கு ஆதிலட்சுமி எழுதுவது. ஏரியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. அம்மா நடமாட்டமாக இருக்கிறாள். நானும் சௌக்கியம் என்று எழுதினால் பொய். அசாமில் மழை பலமாமே, உடம்பைப் பார்த்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் செவ்வாய் தோஷம் என்பது உனக்குத் தெரியும். அதே தோஷமுள்ள மாப்பிள்ளை வாலாஜாபாத்தில் கிடைத்துவிட்டாராம். பேர் வீராசாமி, நெல் மண்டி வைத்திருக்கிறார், வயது நாற்பத்தாறு. முதல் தாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் பத்தாவது படிக்கிறாள், எனக்குத் தங்கை மாதிரி இருப்பாள். தோஷத்துக்குத் தோஷம் சரியாகப் போயிற்று என்று இருசப்பன் சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆனி முடிவதற்குள் தட்டு மாற்றிவிடப் பார்க்கிறார்கள். சம்மதம் என்று நீ ஒரு வரி எழுதிப் போட்டால் போதுமாம். இந்த அக்கறை நைனா போனபோது எங்கே போயிருந்தது?

இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் நான் எடுக்கிற ஐந்தாம் வகுப்புக்குக் கிரகங்கள் பாடம். செவ்வாய்க்கு இங்கிலீஷில் ஏன் மார்ஸ் என்று பேர் என்று ஒரு பெண் கேட்டது. என்னைப் பிடித்து ஆட்டுவதும் அதே செவ்வாய்தானே, விடாமல் தேடினேன். மார்ஸ் என்பது ரோமர்களின் யுத்த சாமி. வீனஸ், ஜூபிடர் எல்லாமே அவர்களுடைய சாமிகள். ஆனால் எர்த் என்றால் வெறும் மண், தரை. ஜாஹிதா டீச்சரைக் கேட்டேன். உருதுவில் ஜமீன், குர்ஆனில் அர்ள், இரண்டுக்கும் தரை என்றுதான் அர்த்தம் என்றாள். பூமி என்பது வடமொழி, எல்லாம் உண்டாகிற இடமாம். ஞாலம் என்பது ஞாலுவதால், அதாவது தொங்குவதால் வந்த பேர் என்று தமிழ் ஐயா சொன்னார். இது தொங்குகிறது என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. நான் கேட்டவரையில் ஒரு பாஷையிலும் இதற்குப் பயமுறுத்துகிற பேர் இல்லை அண்ணா.

செவ்வாய்க்கிழமை அம்மாவின் உத்தரவுப்படி நவக்கிரகத்தைச் சுற்றப் போனேன். ஒன்பது பேரில் பூமி இல்லை. நேராக ஜோசியர் வீட்டுக்குப் போய், என் ஜாதகத்தில் பூமி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன்.

"நிக்கிற எடத்துக்கு எதுக்கும்மா கட்டம்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நிற்கிற இடத்தைப் பார்க்காமல், எங்கேயோ இருக்கிற செவ்வாயைப் பார்த்தா என்னைக் கட்டிக்கொடுப்பார்கள்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்திவிட்டேன். எர்த், ஜமீன், மண், தரை, எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்துத்தான் வாய் திறந்தாள்.

"எனக்கும் செவ்வாய் கீதுடி. மறைச்சிதான் கட்டிக் குடுத்தாங்க. உங்க நைனாவ நான் முழுங்கிட்டேன். நீயும் ஒருத்தன முழுங்கிட்டு வந்து நிக்காத."

நைனா போனதிலிருந்து ஐந்து வருஷமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் நமக்குச் சோறு போட்டிருக்கிறாள். பாவி, ஒருநாள்கூடச் சொல்லவில்லை. எந்த பாஷையில் என்ன பேர் இருந்தால் அவளுக்கு என்ன? என் பேச்சு அவளிடம் எடுபடாது.

நீ சொன்னால் எடுபடும். அன்றைக்கு மோட்டார் கொட்டகையில் நைனாவுடன் இருந்தது நீ ஒருவன்தான். ஈர வேட்டியோடு ஒயரைத் தொட்டார் என்பது ஊருக்கே தெரியும். அதற்கு மேல் நீ யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. காரியம் முடிந்த கையோடு பட்டாளத்துக்குப் போய்விட்டாய். லீவுக்குக்கூட வருவதில்லை.

சித்தப்பாவுக்குச் சம்மதம் எழுதாதே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அம்மாவுக்கு எழுது. நைனாவைக் கொன்றது கரண்ட்டுதான், அவள் இல்லை என்று உன் கையால் எழுது. அவள் நம்பினால் நானும் தப்பிப்பேன்.

சுவிட்சைப் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை அண்ணா. எந்த நாளும் கேட்கவும் மாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை,
ஆதிலட்சுமி