பத்துக்கு எத்தனை

4 மார்ச், செவ்வாய்
காலையிலேயே மழை. வேன் லேட். கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் பிஸ்கட் ஃபேக்டரிக்கு முக்கால் மணி நேரம். வழியில் பெட்ரோல் ஸ்டேஷனில் இரண்டு தடவை இறங்கினேன். மூத்திரப்பைக்குள் மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி. போனால் நாலு சொட்டு. ஆறு வருஷமாக இதே கதை.

"அக்கா, அந்த ஸ்டேஷன்லயே ஒரு வேலை கேட்டுப் பாக்கட்டா?" டிரைவர் தம்பி.
"கேளுலா. டாய்லெட் சாவி என் கையில இருந்தா போதும்."
எல்லாரும் சிரிப்பு. நான் சிரிக்க வைக்கிறவரைக்கும் எனக்காகக் காத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தாள் தந்திருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, வலி பத்துக்கு எத்தனை.
தடவை: இருபத்து நாலு. தாளில் பன்னிரண்டு.
வலி: பத்து. தாளில் அஞ்சு.
பத்து போட்டால் ஒப்பாரி வைக்கிறவள் மாதிரி இருக்கும். மூணாம் வகுப்போடு நின்றவளுக்கு அஞ்சே பாஸ் மார்க்.

12 மார்ச், புதன்
டாக்டர் சின்னப் பொண்ணு. தமிழ்ப் பொண்ணு. மாத்திரை, பை கழுவினது, எல்லாம் பார்த்தாயிற்று. இனி பைக்குள்ளேயே ஊசி. கெட்டுப்போன சார்டின் டின்னில் வருகிற விஷமாம், அதில் துளியூண்டு.

"நடிகைங்க மொகத்துல போடுறதுதானே? மிச்சம் இருந்தா கன்னத்துல விடுங்க டாக்டர்."
"எல்லாரும் இதேதான் கேக்குறாங்க ஆன்டி." சிரிக்கவில்லை. "கொஞ்ச நாள் மூத்திரம் வராமப் போனாலும் போகலாம். அப்ப டியூப் போடணும். இதுவும் கேக்கலன்னா பையை எடுக்கிறதுதான். வயித்துல ஓட்டை போட்டு வெளியே பை மாட்டணும்."
கையெழுத்துப் போட்டேன். என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிற்று. மறுபடி போடச் சொன்னார்.

14 மார்ச், வெள்ளி
ஊசி ஆயிற்று. மயக்க மருந்து. இருபது இடத்தில் குத்தினார்களாம். சிறுநீர் பண்டோங் ரோஸ் தண்ணி கலரில். எரிச்சல். எம்சி லீவு மூன்று நாள். மேரி கஞ்சி கொண்டுவந்தாள். வேனில் பக்கத்து சீட்டுக்காரி. அவளைச் சிரிக்க வைக்கத் தெம்பில்லை.

3 ஏப்ரல், வியாழன்
ராயா பெருநாள் லீவு முடிந்து வேலை. வெயில். வேன் நிற்கவே இல்லை. நான் நிறுத்தச் சொல்லவில்லை. மேரி என் தொடையில் கிள்ளினாள்.
"என்னடி, செத்துட்டியா?"
"ஏழுடி மேரி. வெறும் ஏழு."
அவளுக்குப் புரியவில்லை. சந்தோஷத்தில் தாளிலும் உள்ளதை அப்படியே எழுதினேன். தடவை பதினஞ்சு. வலி ஏழு.

29 ஏப்ரல், செவ்வாய்
டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
"முன்னாடி அஞ்சு. இப்ப ஏழு. தடவையும் கூடியிருக்கு. ஊசி கேக்கல ஆன்டி."
"கேட்டுச்சு டாக்டர். முந்தி பத்து. வெக்கப்பட்டு அஞ்சு போட்டேன்."
பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.
"ஆபரேஷனுக்குப் பயந்து சொல்றீங்களா?"
"இல்ல டாக்டர்."
"நான் நம்புறேன். ஆனா பெரிய டாக்டர் தாளைத்தான் பாப்பாரு. ரெண்டாவது ஊசிக்கு அவர்தான் சரின்னு சொல்லணும்."
"அப்ப என்ன செய்ய?"
"ஊசியோட வேகம் கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும். பழைய வலி திரும்பி வரும். அப்ப உள்ளதை எழுதுங்க. ஏழைத் தாண்டிப் போனா, இந்த ஊசி கேட்டிருக்குன்னு தெரியும். அதைக் காட்டித்தான் கேக்க முடியும்."

வலி வர வேண்டும். வந்தால்தான் ஊசி. வராவிட்டால் நல்லது. வராமல் இருக்காது.
மீன் வாங்க மறந்துவிட்டேன்.

20 ஆகஸ்ட், புதன்
புகைமூட்டம். தொண்டை கட்டியிருக்கிறது. தடவை பதினெட்டு. வலி ஏழரை. அரை போடலாமா என்று நர்ஸைக் கேட்க வேண்டும்.

2 செப்டம்பர், செவ்வாய்
வேன் கிளம்பினதிலிருந்து கண்ணாடிப் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.
"ஏண்டி, காலையிலேருந்து ஒரு வார்த்தை பேசல?" என்றாள் மேரி.
எட்டு, என்றேன்.