மூன்றாம் வரிசைப் புள்ளி

பிப். 10, செவ்வாய்

காலையிலேயே வெயில். தங்கராசு அண்ணனிடம் இன்று சொல்லாதது: அவருடைய ஸ்லைடில் மூன்றாம் வரிசையில் மங்கலாக ஒரு புள்ளி. அந்த இடம் கறுத்தால் அவருடைய காசநோய்க் கிருமிக்கு ஐசோனியசிட் கேட்காது என்று பொருள். தினமும் அவர் விழுங்கும் மாத்திரையில் முக்கியமானதே அதுதான்.

என் ஆய்வு வழிகாட்டி சாரிடமும் சொல்லவில்லை. ஸ்கேனர் "இல்லை" என்றது. ஆபீஸில் தாள் நகலெடுக்கும் சாதாரண ஸ்கேனர். லட்சக்கணக்கில் மெஷின் வேண்டாம் என்பதே எங்கள் ஆய்வு. தாளை நீட்டினேன். தலையாட்டினார்.

காரணம் தெரியும். நேற்று டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோய்விட்டது. புள்ளியைக் கறுக்க வைக்கும் வெள்ளிக் கரைசலை ஊற்றும் முன், ஸ்லைடைக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். உப்பு பட்டால் வெள்ளி கலங்கும். ஸ்லைடு முழுக்கச் சாம்பல். கண்ணுக்குத் தெரிந்தது மெஷினுக்குத் தெரியவில்லை. சொன்னால் குழாயையும் சொல்ல வேண்டும்.

முடிவு கேட்க வந்த அண்ணன் குழாயைப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் காலேஜ் போரு எங்க ரிக்கு போட்டதுங்க அம்மணி. எண்ணூறடி. சுத்த உப்பு. வாயில வெச்சுராதீங்க."

வெள்ளிக்கிழமை அவர் வேலை செய்யும் போர்வெல் ரிக் வண்டி மங்களூர் பக்கம் கிளம்புகிறது. இரண்டு மாதம். ஆறு பேர், ஒரே வண்டியில் தூக்கம்.

"ஆஸ்பத்திரில அனுப்புன பெரிய லேப் ரிப்போர்ட் வந்தப்பறம் போங்கண்ணா."

"ஊட்ல உக்காந்தா ஆருங்க சோறு போடுவாங்க? அதான் மாத்திர முழுங்கறனே."

பிப். 11, புதன்

வாங்க வேண்டியவை: கையுறை, பிப்பெட் டிப், டி.வாட்டர் (டிஸ்டில்டு) 2 கேன்.

கேன் வர மாலையாகிவிட்டது. வாசலிலேயே நின்றிருந்தேன். டெக்னீஷியன் கலாக்கா: "மாப்பிள்ளையா வரான், இப்படி நிக்கிற?"

சிரித்துவைத்தேன். தவறு சின்னதாக இருக்கும்போதுதான் வெட்கம் அதிகம் போல. எழுதிப் பார்த்தால் அழகாக இருக்கிறது. அதனால் நம்பவில்லை.

நாளை திரும்பச் செய்வேன். இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

பிப். 12, வியாழன்

அண்ணனின் சளி மாதிரியில் மிச்சம் இருந்ததைத் திரும்பப் போட்டேன். நல்ல தண்ணீர். பதினோரு மணிக்குக் கண்ணாடி தெளிவாக, மூன்றாம் வரிசையில் காப்பிக்கொட்டை நிறத்தில் புள்ளி. சாரிடம் எல்லாம் சொன்னேன். குழாயையும்.

கத்தவில்லை. "செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமேம்மா. நம்ம ஸ்லைடை வெச்சு மருந்து மாத்த முடியாது. ஆனா ஆளைப் போகாம நிறுத்தியிருக்கலாம். போன் போடு." அவர் ஆஸ்பத்திரிக்குப் பேசினார், ரிப்போர்ட்டை அவசரப்படுத்த.

அண்ணனுக்குப் போட்டேன். வண்டி இரைச்சல்.

"காலைல ஆறு மணிக்கே கெளம்பிட்டமுங்க அம்மணி. வெள்ளிக்கெழம மேக்க சூலமுங்களாம். ஓனர் ஒத்துக்கல."

"திரும்பி வந்துருங்கண்ணா."

"ரிப்போர்ட் வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லைங்க. ஆனா..."

"வந்தா சொல்லுங்க." இருமல். பக்கத்தில் யாரோ: "ஏனுங்கண்ணா, தண்ணி குடிங்க."

சாப்பிடவில்லை.

பிப். 24, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. ஐசோனியசிட் கேட்காது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசி அண்ணனை மங்களூரிலிருந்து வரவழைத்தார்கள். மருந்தை மாற்றிவிட்டார்கள்.

பன்னிரண்டு நாள், அந்த வண்டியில்.

ஏப். 20, திங்கள்

ரிக் திரும்பியது. மற்ற ஐந்து பேருக்கும் பரிசோதனை. சமையல்காரருக்குச் சளியில் கிருமி. எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறார் சார். சமையல்காரருடைய ஸ்லைடை நானே போட்டேன். டி.வாட்டரில் கழுவினேன். மூன்றாம் வரிசை கறுத்தது.