மலைச்சாலையில் ஒரு பெயர்

மாமாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அரியலூரில் இன்னும் மழை இல்லை.

நேற்று டிவியில் பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், மலையேறும் நாள். மூன்று வாரப் பந்தயத்தில் இந்த நாளுக்காகத்தானே நாம் காத்திருப்போம்? ரசிகர்கள் அந்த மலைச்சாலையில் வீரர்களின் பெயரைப் பெயிண்டால் எழுதுவார்கள். "ஒரு நாள் ஒன் பேரையும் எழுதுறேன்டி" என்று சொல்லிவிட்டுத்தான் பிரான்சுக்குப் போனீர்கள். இந்த வருடம் ஓட்டலில் லீவு இல்லை, மலைக்குப் போகவில்லை என்றீர்கள்.

கடைசி ஏற்றத்தில் நம் மகள் கத்தினாள். "அம்மா, தமிழ்! அப்பா எழுத்து!" சிறுவாச்சூரில் சுவர் விளம்பரம் எழுதிய காலத்திலிருந்து நீங்கள் பெயருக்குக் கீழே போடும் அதே மஞ்சள் பூ.

அத்தை கண்ணாடியைத் தேடிக்கொண்டே கேட்டார். "யாரு பேருடி போட்டிருக்கான்? ஒன் பேரா?"

"ஆமாங்கத்தே, என் பேருதான்."

உடனே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே காபி கொடுக்கிறேன்.

நம் மகளுக்குக் கண்ணாடி தேவையில்லை. அந்தப் பெயருக்கு உரியவள் யார் என்று அவள் கேட்கவில்லை. எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டாள். அதனால் யார் ஜெயித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா