கழற்றி நீட்டிய மோதிரம்

மொன்றியல், ஐப்பசி 2004

அன்புள்ள அக்னேசுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். உன் உடம்பும் வாயும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

போன கிழமை ஹோட்டல் குசினியில் வெங்காயத்தோடு விரலையும் கொஞ்சம் வெட்டிவிட்டேன். ஆசுப்பத்திரியில் நாலு தையல். காசு கேட்பார்களென்று கல்யாண மோதிரத்தைக் கழற்றி நீட்டினேன். தாதி சிரித்துவிட்டாள். கூடவந்த, என்னோடு குசினியில் வேலைசெய்யும் ஜெராட், சுவர் டிவியில் ஓடிய அமெரிக்கத் தேர்தல் சண்டையைக் காட்டினான்.

"அண்ணை, அங்க டெமோகிராட் கட்சி, வைத்தியத்துக்கு அரசாங்கம் உதவவேணும் எண்டுது. ரிபப்ளிக்கன் கட்சி, அரசாங்கம் தலையிட்டால் வரிதான் கூடும், அவரவர் பாக்கட்டும் எண்டுது. இங்க அரசாங்கம் தந்த வைத்தியக் காட்டைக் காட்டினால் காணும், காசு வேண்டாம். மோதிரத்தைப் போடுங்கோ!"

இந்த நாட்டுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்து. விரல் மெலிந்துபோனதால் மோதிரம் கழன்றுவிடாமல் நூல் சுற்றியிருக்கிறேன். இங்கே வருகிறவர்களிடம் உன் மிளகாய்த்தூள் கொடுத்துவிடு, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு விரல் கொஞ்சம் பருக்கட்டும். வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உன் வஸ்தியான்