லெந்துக்கு நான் விட்டது

மார்ச் 10, செவ்வாய். லெந்து 18

நல்ல வெயில், நிழலில் குளிர். எங்கோ காட்டில் தீ. புகை வாசனை எங்கள் சர்ச் விடுதி ஸ்டோர் வரைக்கும். ஈஸ்டர் வரைக்கும் லெந்து விரதம், டீயை விட்டுப் பதினெட்டாம் நாள். தலைவலி.

விடுதிக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும் சொல்ல கவுஞ்சி போனேன். போக வர நின்றபடியே பஸ்.

அங்கே எங்கள் வார்டன் ஸ்டெல்லாவின் புருஷன். அவள் வீட்டுச் சுவரில் கல்யாணப் போட்டோவில் பார்த்த முகம். கோயம்புத்தூரில் கம்பெனி வேலை என்று அவள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கும் அதே சாமுவேல். ஒரு வீட்டு வாசலில் கைக்குழந்தைத் துணியைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண்: "என்னங்க, பிள்ளைக்கு வெந்நி வெரசா கொண்டாங்க!" "சாமுவேல் தம்பிதானே? ஸ்டெல்லா விடுதியில ஸ்டோர் பாக்குற ரூபி நான்," என்றதும் ஈரத்துணியோடு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் சிரிப்பு வந்தது. ஆண்டவரே, சிரித்தேன்.

எழுதியே வைக்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள். வார்டன் வேலை எனக்கு வரவேண்டியது. பதினாறு வருஷமாக ஸ்டோர் சாவி என் இடுப்பில். போன ஜூனில் வந்தவள் ஸ்டெல்லா. பிள்ளைகளிடம் அன்பாக இருக்கிறாளாம், கொடுத்துவிட்டார்கள். நான் என்ன பிள்ளைகளைக் கடித்தா வைத்தேன்? ஈஸ்டர் கழிந்துதான் நிரந்தரம் ஆக்குவார்கள். அதற்கு முன் குடும்ப சாட்சி எப்படி, வீட்டு வாழ்க்கை ஒழுங்கா என்று கமிட்டி பார்க்கும். கமிட்டியில் பாஸ்டரம்மா. ஒரு வார்த்தை போதும்.

மார்ச் 11, புதன்

வெள்ளனே ஸ்டோருக்கு வந்தாள் ஸ்டெல்லா. சாமுவேல் அவளுக்குப் போன் பண்ணி, நான் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுகை.

"ரூபிக்கா, அவரு போயி ரெண்டு வருஷமாச்சு. வேல பெர்மனென்ட் ஆகற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க. குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொன்னா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கக்கா போவேன்?"

"சொல்ல மாட்டேன் ஸ்டெல்லா. பைபிள்மேல கைய வச்சு வேணும்னாலும் சொல்றேன்."

வைத்தும் சொன்னேன். பாவமாகத்தான் இருந்தது, மத்தியானம் வரைக்கும். சாப்பாட்டு நேரத்தில் சின்னப் பிள்ளைகள் "வார்டன் ஆன்ட்டி, வார்டன் ஆன்ட்டி" என்று அவள் கையில் தொங்கின. பாவம் பார்த்தது அதோடு போயிற்று.

மார்ச் 12, வியாழன்

நாளைக்கு ஜெபக்கூட்டம் நம் வீட்டில். கொண்டைக்கடலை ஊறப்போட. பக்கத்து வீட்டில் பாய் இரண்டு கேட்க. சுக்கு, கருப்பட்டி. ஜன்னல் துடைக்க.

பாஸ்டரம்மா போனில்: "ஸ்டெல்லா வீட்டுக்காரர் ஈஸ்டருக்காவது வர்றாரா ரூபி? பாத்ததே இல்லையே."

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "தெரியலைங்கம்மா," என்றேன்.

ஜெயித்தேன். டீயையும் விட்டேன், இதையும் விட்டேன். படுக்கும்போது என்மேல் எனக்கே மரியாதை.

மார்ச் 13, வெள்ளி

மூன்று மணிக்கே மூடுபனி. பதினொரு பெண்கள் வந்தார்கள். ஸ்டெல்லா பாஸ்டரம்மா பக்கத்தில்.

பாஸ்டரம்மா பேச்சை முடிக்கும்போது, "பிள்ளைங்கள எப்படி நேசிக்கணும்னு நாமெல்லாம் ஸ்டெல்லாகிட்டதான் கத்துக்கணும்," என்றார். எல்லாத் தலையும் ஆடின. என் தலையும்.

முடிவு ஜெபம் வழக்கம்போல வீட்டுக்காரி. பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபித்தேன். மேரி அக்காவின் முழங்காலுக்காக, மழைக்காக. பிறகு:

"அப்பா, கவுஞ்சியில வேற ஒருத்தியோட குடும்பம் நடத்துற எங்க சாமுவேல் தம்பிய மனந்திருப்பும். யாருகிட்டயும் சொல்ல முடியாம அழுதுக்கிட்டிருக்கிற ஸ்டெல்லாவத் தேற்றும்."

ஆமென் வரவே நேரமாயிற்று.

யாரிடமும் நான் சொல்லவில்லை. ஆண்டவரிடம்தானே சொன்னேன். ஜெபத்தில் என்ன குற்றம்?

ஸ்டெல்லா செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய்விட்டாள். பாஸ்டரம்மா என் கையை அழுத்தி, "உருக்கமா ஜெபிச்சீங்க ரூபி." சுண்டல் பாதிக்கு மேல் மிச்சம்.

மார்ச் 14, சனி

தலைவலி. கேரட் வந்தது, பாதி வெடிப்பு.

பாஸ்டரம்மா போன். திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. "எதுக்கும் வார்டன் பொறுப்பையும் கொஞ்ச நாளு நீங்களே பாத்துக்கற மாதிரி இருக்கும்."

"ஆண்டவர் சித்தம், அம்மா," என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பு.

மார்ச் 15, ஞாயிறு

பனி, பிறகு வெயில். சர்ச்சுக்கு ஸ்டெல்லா வந்திருந்தாள், மகளோடு. அவர்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

ஆராதனை முடிந்து நேரே என்னிடம் வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்து பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"அக்கா, உங்கமேல எனக்குக் கோவம் இல்ல. கண்ண மூடி ஜெபிக்கிறப்ப மனசுல கெடக்குறது தன்னால வாயில வந்துரும். எனக்கே அப்படி வந்திருக்கு. நீங்க வேணும்னு செய்ற ஆளு இல்லக்கா."

என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

வீட்டில் டீ போட்டேன். குடிக்காமல் கொட்டினேன். லெந்து கெடவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.